துவைத்துக் கொடுத்த சுடிதார்

அரக்கு முத்திரையை உடைத்துக் கவரைப் பிரித்ததும் சோப்பு வாசனை வந்தது. பியாட்ரிஸ் கவரைக் கீழே வைத்தாள்.

வேறு எந்த இடத்திலும் துணி மணந்தால் சந்தோஷப்படுவார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் பியாட்ரிஸ் வேலை பார்த்த தடய அறிவியல் ஆய்வகத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வருகிற துணிகள் நாறும். வியர்வையும் இரத்தமும் காய்ந்து நாறும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்டேஷன் மூலையில் பத்து நாள் போட்டிருந்தால் பூசணம் பூத்து மூக்கைப் பொத்த வைக்கும். நாறினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மணந்தால் யாரோ துவைத்துத் தொலைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கவருக்குள் இருந்தது வெளிர் பச்சையில் ஒரு சுடிதார் பேன்ட். நாலாக மடித்து, ஓரங்கள் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கூடவே வந்த கடிதம் அது பாலியல் வன்கொடுமை வழக்கு என்றது. ஆஸ்பத்திரியில் எடுத்த பஞ்சுகள் தனிக் கவரில் வந்திருந்தன. சம்பவம் நடந்து மூன்றாம் நாள், அந்தப் பெண் குளித்து முடித்த பிறகு எடுத்தவை. அவற்றில் ஒன்றும் தேறவில்லை என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. மீதி இருந்தது இந்த பேன்ட் ஒன்றுதான்.

கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தது மகளிர் காவல் நிலையத்தின் ஏட்டம்மா தமிழ்நிலா. கவர்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தவரும் அவர்தான்.

"அத்த நானே சொல்லலாம்னு இருந்தேன் மேடம். அந்தப் பொண்ணோட அம்மா தோச்சிட்டாங்க."

"எதுல தோய்ச்சாங்க? மெஷினா, கையா? வெந்நீரா? ப்ளீச்சிங் எதாவது போட்டாங்களா?"

"வாளியில தான் மேடம். பச்சத் தண்ணி, சோப்புக் கட்டி. அவங்க இஸ்திரி போடறவங்க. கோட்டூர்புரத்துல ஃப்ளாட்ஸ் வாசல்ல தள்ளுவண்டி கீது. ரெண்டு வூட்டுல துணியும் தோய்க்கிறாங்க. மின்ன ஆத்தோரம் குடிசையில இருந்தவங்க. இடிச்சுட்டு எங்கியோ தூரத்துல வூடு குடுத்து அனுப்பிட்டாங்க, இப்போ ரெண்டு பஸ் மாறி வந்து வண்டிய தொறக்கறாங்க."

பியாட்ரிஸ் கேட்டது துவைத்த விதத்தை மட்டும்தான். தமிழ்நிலாவிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் வரும். அந்தப் பெண்ணுக்கு வயது இருபது, தி.நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை. ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று கடை மூடிய பிறகு அவளை நிறுத்தி வைத்த சூப்பர்வைசர் தான் எதிரி. (போலீஸ் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்றுதான் பெயர், இந்த விஷயத்தில் அது பொருத்தமான பெயர்.) இரண்டு நாள் வாய் திறக்காமல் கிடந்தவள் மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னாள். புகார் கொடுத்தார்கள். அன்றைக்கு உடுத்தியிருந்த துணியை மறுநாள் கொண்டு வாருங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள். துணி அதுவரை ஒரு பையில் சுருட்டியபடி, யாரும் தொடாமல், வீட்டு மூலையில் கிடந்திருக்கிறது. அந்தம்மா அதை எடுத்துப் பார்த்தார். அன்று மாலையே துவைத்துவிட்டார்.

"நாலு ஆம்பளைங்க கையில போற துணி, அத்த அப்படியே எப்படிக் குடுக்கறதுன்றாங்க மேடம். நல்ல வேள, இஸ்திரிப் பொட்டி வண்டியில இருந்துச்சு. வூட்ல இருந்திருந்தா அதையும் போட்டிருப்பாங்க."

"சரி, சரி. எத்தனை தடவை அலசினாங்க?"

"ரெண்டு மேடம். இப்போ அந்தம்மா வண்டியே தொறக்கறதில்ல. சோறு எறங்கல. என் பொண்ணு கேஸ என் கையாலயே கழுவி ஊத்திட்டேன்னு சொல்லிகினே கீறாங்க. அவன் இன்னான்னா, அவள நான் தொட்டதே இல்லன்னு சாதிக்கிறான். வக்கீலு ஜாமீன் மனுவுலயே எழுதிட்டாரு, துணி தோச்சது, ஆதாரம்னு ஒண்ணும் கெடையாதுன்னு."

"கதை வேணாம்மா. வெக்கிறேன்," என்று போனை வைத்தாள் பியாட்ரிஸ்.

கதை வேண்டாம் என்பது அவளுடைய முப்பது வருஷக் கட்டுப்பாடு. கவரில் இருக்கும் நம்பர் போதும். அழுதவர் யார், அழ வைத்தவன் யார் என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பாள். அன்றைக்குக் கட்டுப்பாடு உடைந்துபோயிற்று. கதை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இனி அதை எழுந்து போ என்று சொல்ல முடியாது.

அந்தம்மாவின் பெயரும் பெண்ணின் பெயரும் இங்கே வராது. சட்டம் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நமக்கு எதற்கு?

பியாட்ரிஸ் சாந்தோம்காரி. கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிறந்து, அதே தூரத்தில் கல்யாணம் ஆகி, அதே தூரத்தில் ஐம்பத்தேழு வயதை எட்டியவள். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அக்காமார் இருவரும் டீச்சர்கள். இவள் மட்டும் கெமிஸ்ட்ரி படித்து இந்த வேலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் என்ன வேலை என்று விசாரித்தால், "துணி பாக்கிற வேலை," என்பாள். பாதிப் பேர் அவள் ஏதோ ஜவுளிக் கடையில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். அத்தை ஒருத்தி பட்டுப் புடவைக்குத் தள்ளுபடி வாங்கித் தரச் சொல்லிப் பல வருஷம் நச்சரித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரத்த குரூப் பார்ப்பதோடு சரி. ஏ, பி, ஓ என்று ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும் ஒரு விடையை எழுதிக் கொடுப்பார்கள். துவைத்த துணி வந்தால் அதுவும் இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தொண்ணூற்றாறிலோ ஏழிலோ ஒரு நீலப் புடவை வந்தது, இதே போல சோப்பு வாசனையோடு. பியாட்ரிஸ் அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்போது வேறு வழி கிடையாது, அவள் மேல் தப்பே இல்லை. இருந்தாலும் அந்தப் புடவையின் நீலம் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை.

பக்கத்து மேஜை ஸ்ரீரங்கனுக்கு இந்த மாதிரித் தொல்லைகள் கிடையாது. மயிலாப்பூர் மாட வீதிக்காரர், எதையும் வரிசைப்படி செய்கிறவர், வீட்டு ஃப்ளாஸ்க் காபியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவர். வரிசைப்படி முதலில் பேன்ட்டை நீல ஒளியில் விரித்துப் பார்த்தார்கள். கறை இருந்தால் பளிச்சென்று தெரியும். ஒன்றும் தெரியவில்லை. அடுத்து, நனைத்த வடிதாளை ஒற்றி மருந்து விட்டார்கள். விந்து இருந்தால் ஊதா நிறம் வரும். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"கலர் வரலை. நெகட்டிவ்னு போட்டுண்டு அடுத்ததைப் பாக்கலாமே," என்றார் ஸ்ரீரங்கன். "நானூறு கவர் காத்துண்டிருக்கு."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. அங்கே வழக்கமே அதுதான். முதல் சோதனையில் நிறம் வராவிட்டால் டிஎன்ஏ வரைக்கும் போவதில்லை. போனால் நேரமும் மருந்தும் வீண். பியாட்ரிஸே நூற்றுக்கணக்கான கவர்களை அப்படித்தான் மூடியிருக்கிறாள்.

"இதை மட்டும் நான் வெச்சுக்கிறேன்," என்றாள்.

"நேரம் உங்களது," என்று ஸ்ரீரங்கன் அடுத்த கவரை எடுத்துக்கொண்டார்.

சோப்பு எதைக் கொண்டு போகும், எதை விட்டு வைக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிறம் தருகிற சமாச்சாரம் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். விந்தணுவின் தலை அப்படிச் சட்டென்று போகாது. கெட்டியானது, நூல் இழையைக் கவ்விக்கொள்ளும். ஆனால் உடுத்தித் துவைத்து நைந்த பருத்தியில், துணி துவைத்தே கை காய்த்துப்போன ஒருத்தி கும்மிய பிறகு, அது எங்கே மிஞ்சியிருக்கும்? பியாட்ரிஸ் பேன்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தானே வாளி முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தாள். கை முன்னால் தேய்க்கும், பின்னால் தேய்க்கும். தைத்து மடக்கிய தையலுக்குள் எந்தக் கையும் போகாது.

இரண்டு கால்களும் சேருகிற இடத்தில் தையல் மூன்று மடிப்பாக இருந்தது. அங்கே பிரித்து, உள் நூல்களை வெட்டி எடுத்து ஊற வைத்தாள். அதிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். தலை இருந்தால் சிவப்பாகத் தெரியும். வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனாள். முதல் வரிசையில் இல்லை. ஐந்தாவதில் இல்லை. கழுத்து வலித்தது. ஒன்பதாவதில் சிவப்பாக ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கண்ணாடி முழுவதும் பார்த்து முடித்தபோது ஏழு.

மூன்று முறை எண்ணிவிட்டு, "ஸ்ரீரங்கன், வந்து எண்ணுங்க," என்றாள். எத்தனை என்று சொல்லவில்லை.

அவர் வெகு நேரம் குனிந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஏழு," என்றார்.

ஏழு போதாது. துணி உடுத்தியவளின் செல்கள்தான் அதில் மிகுதி. அவற்றை முதலில் கரைத்து வடித்துவிட்டு, மிஞ்சிய தலைகளைத் தனியாக உடைத்து டிஎன்ஏ எடுக்க வேண்டும். எடுத்தாள். மெஷினில் ஓட்டினாள். கோட்டுப் படத்தில் மலை மலையாக எழ வேண்டியவை புல்லாக முளைத்திருந்தன. ஆளை அடையாளம் காட்டுகிற டிஎன்ஏ இடங்களில் பாதியில் அதுவும் இல்லை. இவன்தான் என்றும் சொல்ல முடியாது, இவன் இல்லை என்றும் சொல்ல முடியாது. வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். அன்று வீட்டில் அவள் மீன் குழம்பைத் தொடாமல் எழுந்து போனாள். கணவர் ஸ்தனிஸ்லாஸ், ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார், தட்டை மூடி வைத்தார்.

மறுநாள் தையலை நீளவாக்கில் இன்னும் பிரித்தாள். முழுவதையும் எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். நாளைக்கு எதிரி தரப்பு மறுபடி சோதிக்கக் கேட்டால் அவர்களுக்கும் பங்கு வேண்டும். பாதியை விட்டுவைத்து, மீதிப் பாதியின் நூல்களையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்தாள்.

திங்கட்கிழமை படம் வந்தது. இருபதுக்கும் மேலே இடங்கள், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கோடுகள் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் எதிரியின் இரத்த மாதிரிக்கு வந்த படத்தை வைத்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஓர் இடத்திலும் பிசகவில்லை. துணியே போடாமல் ஓட்டிய வெற்றுக் குழாயில் எதுவும் வரவில்லை, ஆக மருந்தில் கலப்படம் இல்லை. ஆய்வகத்து ஆண்களின் டிஎன்ஏ படங்கள் எல்லாம் கோப்பில் இருக்கும். யாராவது தும்மியோ தொட்டோ கலந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. ஸ்ரீரங்கன் தன்னுடையதைத் தானே முதலில் எடுத்து நீட்டினார். அதுவும் பொருந்தவில்லை, மற்றவர்களுடையதும் பொருந்தவில்லை.

"நல்ல வேளை, நான் சொன்னதை நீங்க கேக்கலை," என்றார். பிறகு தன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி அவளிடம் கொடுத்தார். இருவரும் பக்கத்து மேஜைக்காரர்களாக இருந்த பதினெட்டு வருஷத்தில் அந்த ஃப்ளாஸ்க்கிலிருந்து இன்னொருவருக்குக் காபி போனது அதுதான் முதல் தடவை. பியாட்ரிஸ் அதைக் குடித்து முடித்து, பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மூச்சு விட முடிந்தது. ஒரு வாரமாக மூச்சை எங்கோ பாதியில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிம்மதி வந்தால் சிலருக்குப் பசிக்கும், சிலருக்குத் தூக்கம் வரும். பியாட்ரிஸுக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குழாய் ஏன் சொட்டுகிறது, எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ஸ்தனிஸ்லாஸைப் பிடி பிடி என்று பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "மீன் இருக்கு, சூடு பண்ணவா?" என்று மட்டும் கேட்டார்.

அறிக்கையை அன்றைக்கே தட்டச்சு செய்யச் சொல்லி, முத்திரை வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்பும் வரை பக்கத்திலேயே நின்றாள். இரண்டு வாரம் கழித்துத் தமிழ்நிலா போன் செய்தார்.

"உங்க ரிப்போர்ட்டு காப்பி வந்துச்சு மேடம். அவனுக்கு ஜாமீன் இல்லன்னுட்டாங்க. அந்தம்மா கையில சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றீங்கன்றாங்க. இருவது வருசமா தோய்க்கிறேன், நான் தோச்சு எந்தக் கறையும் நின்னதில்ல, இதுல மட்டும் எப்டி நிக்கும்னு என்னையே கேக்கறாங்க மேடம்."

பியாட்ரிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தொழில் கர்வம் என்றால் இது கர்வம். உடனே சிரித்ததற்காக வருத்தமாகவும் இருந்தது. அந்தக் கர்வமே அந்தம்மாவைத் தின்றுகொண்டிருக்கிறது. "நான் அவங்ககிட்ட பேசக் கூடாதும்மா. சாட்சி சொல்றப்ப சொல்றேன்," என்றாள்.

சாட்சி சொல்ல அழைப்பு வர எட்டு மாதம் ஆனது. மூடிய அறையில் விசாரணை. அந்தம்மாவின் சாட்சியம் முன்பே முடிந்திருந்ததால், மகளுக்குத் துணையாக உள்ளே இருக்க நீதிபதி அனுமதித்திருந்தார். ஒடிசலான பெண்மணி. வலது கை மட்டும் முறுக்கேறி இருந்தது. பியாட்ரிஸ் கூண்டில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவர் கண் அவளை விட்டு நகரவில்லை.

எதிரியின் வக்கீல் கெட்டிக்காரர். துணி துவைக்கப்பட்டது உண்மைதானே என்றார். உண்மை என்றாள். துவைத்தவர் ஊரார் துணியைத் துவைக்கிறவர், எத்தனையோ ஆண்களின் துணி அவர் வாளியில் நனைந்திருக்கும், அதிலிருந்து இந்த பேன்ட்டுக்கு வந்திருக்கலாம் அல்லவா என்றார். அந்தம்மாவின் முகம் வெளுத்ததைப் பியாட்ரிஸ் பார்த்தாள்.

"ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குக் கொஞ்சம் போகலாம்," என்று நிதானமாகச் சொன்னாள். "ஆனால் வருவது அந்தத் துணிக்காரருடையதாக இருக்கும். இதில் இருப்பது இங்கே நிற்கிற எதிரியுடையது. அவருடைய துணி அந்த வாளிக்கு வந்திருந்தால்தான் உங்கள் கேள்விக்கு இடம் உண்டு."

எதிரியின் வீடு பாலவாக்கத்தில். அவனுடைய துணி கோட்டூர்புரத்து இஸ்திரி வண்டிக்கு வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதோடு, அந்தத் துணியை மற்றவற்றோடு சேர்க்க மனசு வராமல் தனி வாளியில் போட்டேன் என்று அந்தம்மா ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி தாமே ஒன்று கேட்டார். "துவைத்ததால் சாட்சியம் அழிந்ததா, இல்லையா?"

"கொஞ்சம் போயிருக்கும். இருந்தது போதுமானது. துவைத்தபின் நன்றாக உலர்த்தி, காய்ந்த பிறகே மடித்திருக்கிறார்கள். ஈரத்தோடு கட்டி வரும் துணிகளில் மிஞ்சுவதைவிட இதில் நன்றாகவே இருந்தது."

தீர்ப்பு பிறகு வந்தது, அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அதை எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. இங்கே சொல்ல வேண்டியது அன்று மத்தியானம் கோர்ட் வராந்தாவில் நடந்தது.

பியாட்ரிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். அவள் சாட்சியம் முடிந்து கையெழுத்தும் போட்டாயிற்று. இனிப் பேசினால் தப்பில்லை. ஆனாலும் பழக்கதோஷம், தலையைக் குனித்துக்கொண்டு போனாள். பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"மேடம், எங்கம்மாகிட்ட இன்னொருவாட்டி சொல்லிட்டுப் போங்க. ஜட்ஜுகிட்ட சொன்னது அதுக்குப் புரியல."

அந்தம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அழிக்கலியாம்மா?"

"இல்லம்மா. நீங்க எதையும் அழிக்கல. அதைத் தேடி எடுத்தது நான்தான். ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நெசமாவா?"

"சத்தியமா."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போலக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். மகள் அவரைத் தூக்குவாள் என்று பியாட்ரிஸ் எதிர்பார்த்தாள். மகள் தூக்கவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்து மாசமா நீ அழுதுகினே இருந்தியேம்மா," என்றாள். "நானும் அழுதா நீ தாங்க மாட்டன்னு அடக்கிகினே இருந்தேன். இப்போ நான் அழட்டா?"

அந்தம்மா மகளைப் பார்த்தார். பிறகு முந்தானையை உதறி விரித்து, அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழு," என்றார்.